காடியால் துடைத்த சுவர்

எர்ணாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

காணொளியில் கைகூப்பித் தோன்றித் தமிழகத்துக்கே தூய்மை கற்பிக்கும் பெருந்தகையே! வேப்பிலையின் காவலரே! எலுமிச்சையின் தூதரே! செவிசாய்த்துக் கேளுங்கள். எர்ணாவூர் மறுகுடியேற்றக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து தங்கள் மீது ஒரு குற்றச்சாட்டை வைக்கிறேன். தங்கள் காடி எங்கள் போராட்டத்தின் சான்றை அழித்துவிட்டது. நம் தந்தையை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்திவிட்டது.

தம்பி செங்குட்டுவா, "தாங்கள்" என்பது இதோடு போதும். அந்த மரியாதையைக் கோயம்புத்தூரில் உன்னைப் பின்தொடர்பவர்கள் தரட்டும். காடி என்று நான் எழுதுவது, நீ வினிகர் என்று புட்டியில் அடைத்து உன் படத்தை ஒட்டி விற்கிறாயே, அதைத்தான். உன் அலைபேசிக்கு அழைத்துப் பார்த்தேன். உன் உதவியாளராம், ஒரு பெண் எடுத்து, "விளம்பரம் தொடர்பாகவா மேடம்?" என்றாள். அப்பா தொடர்பாக என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னாள். அதனால்தான் இந்த விரைவு அஞ்சல். இதையாவது நீயே பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? அப்பா படுக்கும் அறையின் சுவரில் கரும்பச்சையாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைக் கண்டதும் உன் முகம் மலர்ந்தது. அப்பாவின் இருமலைக் கேட்டு அது வாடியதாக எனக்கு நினைவில்லை. தேங்காய் நாரை எடுத்தாய், சுரண்டினாய், காடியைத் தெளித்தாய், ஆப்பசோடாவைத் தூவினாய், வேப்பிலை ஊறிய நீரால் கழுவினாய். சுவர் வெளுத்தது. வெளுத்த இடத்தை மட்டும் படம்பிடித்தாய். "சோம்பல் இருக்கும் வீட்டில்தான் பூஞ்சணம் இருக்கும் உறவுகளே" என்று புன்னகைத்தாய். நான் விடியுமுன் எழுந்து குழாயடியில் நிற்பவள். காலையில் ஆலை வாயிலில் தொழிற்சங்கக் கூட்டம் பேசிவிட்டு, மாலையில் வந்து இந்த வீட்டைக் கழுவுகிறவள். என் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னைச் சோம்பேறி என்று ஊருக்கு அறிவித்தவன் நீ.

காடியின் மீது எனக்குப் பகை இல்லை. குளியலறைத் தரையோடுகளின் இடுக்கில் படர்வதற்கும், அலமாரிப் பலகையில் பூப்பதற்கும் நானும் அதையே பயன்படுத்துகிறேன், நன்றாகவே போகிறது. ஆனால் நம் சுவருக்குள் மேல்வீட்டுக் கழிவறைக் குழாய் வெடித்திருக்கிறது. இரவும் பகலும் உள்ளே நீர் கசிகிறது. அந்தச் சுவருக்கு உன் காடி வெறும் முகப்பூச்சு. நீ கோவை போய்ச் சேர்ந்து அந்தக் காணொளியை வெளியிடுவதற்குள் இங்கே பூஞ்சணம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதை ஏன் நீ படம்பிடிக்கவில்லை? மேல்வீட்டுப் பவானியைத் தெரியும் அல்லவா? அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "யக்கா, உன் தம்பிய இட்டாந்து எங்கூட்டுக் கக்கூஸ் பைப்புலயும் ரெண்டு மூடி வினிகரு ஊத்தச் சொல்லேன். அதுவும் இயற்கதான?" அவள் சிரிக்கிறாள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

இனி நடந்ததைக் கேள். குழாயை மாற்றித் தரச் சொல்லி, குடியிருப்பு அலுவலகத்தின் படிக்கட்டில் பெண்கள் நாங்கள் போய் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தினார்கள், கலையவில்லை. கடைசியில் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார், ஈரத்தைக் கண்ணால் கண்டால் அன்றே குழாய் மாற்ற எழுதிவிடுவார் என்று வாக்குப் பெற்றோம். அவர் வந்த காலையில் நான் திருவொற்றியூரில் ஓர் ஆலை வாயிலில் ஒலிபெருக்கியின் முன் நின்றிருந்தேன். வீட்டில் அப்பா இருக்கிறார், சுவர் இருக்கிறது, காட்டுவதற்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா ராசையாவை உனக்குத் தெரியும். துறைமுகத்தில் நிலக்கரிச் சுமை தூக்கிய காலம் முழுவதும், மேலதிகாரி வருகிறார் என்றால் தம் இடத்தைப் பெருக்கிக் கழுவி வைத்தவர். அதில் அவருக்கு ஒரு மானம். அன்று காலையும் அதையே செய்தார். பவானி எட்டிப் பார்த்தபோது, அனல்மின் நிலையத்திலிருந்து பறந்துவரும் சாம்பல் தூசிக்காகச் சன்னலைச் சாத்திவிட்டு, முக்காலியின் மேல் ஏறி நின்று நாரால் சுரண்டிக்கொண்டிருந்தாராம். கரும்பொடி அவர் தலையிலும் மீசையிலும் கொட்டிக்கொண்டிருந்ததாம். "இன்னா நைனா பண்ற? அத்தக் காட்டத்தான ஆளு வர்றான்!" என்று அவள் பதறியிருக்கிறாள். அவர் திரும்பியும் பார்க்காமல், "போம்மே. ஆபீசரு வர்றப்போ வூடு கலீஜா இருந்தா நம்மள இன்னான்னு நெனப்பான்? என் புள்ள சொல்லிக்குடுத்த வைத்தியம் கீது, ஒரு நிமிசத்துல போயிடும்" என்றாராம்.

போயிற்று. எல்லாமே போயிற்று. பொறியாளர் வந்தார். காடி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "துடைச்சா போற அழுக்குக்கா இத்தனை பேர் வந்து உக்காந்தீங்க?" என்று கேட்டார். அப்பாவோ அலைபேசியை நீட்டி உன் காணொளியை ஓட்டிக் காட்டி, "இவன்தான் சார் என் புள்ள" என்றிருக்கிறார். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்து, காணொளியை அங்கேயே தன் அலைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். இன்று எந்தக் கட்டடத்திலிருந்து எவர் முறையிட்டாலும் அலுவலகம் தரும் விடை உன் முகம்தான். மகிழ்ச்சிதானே? ஓர் அரசு அலுவலகமே உன்னைப் பின்தொடர்கிறது!

நான் திரும்பி வந்தபோது அப்பா நனைந்த பனியனோடு அந்தச் சுவரின் கீழ் உட்கார்ந்திருந்தார். இருமலுக்கும் இருமலுக்கும் இடையே, "சொவுத்துல ஒரு புள்ளி கீதா பாரு செங்கொடி" என்றார். அவர் மீசையில் ஒட்டியிருந்த கரும்பொடியை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். மறுநாள் அவர் உதடு நீலம் பாய்ந்தது. ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நிலக்கரித் தூசி தின்ற நுரையீரலில் இந்தப் பொடியும் இறங்கிவிட்டது என்கிறார் மருத்துவர். அந்த அறைக்கு இவரைத் திரும்ப அழைத்துப் போகாதீர்கள் என்கிறார். நமக்கு இருப்பதே அந்த ஓர் அறை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போது மூக்கில் குழாய் வைத்துத்தான் மூச்சு விடுகிறார். அதோடும் பக்கத்துக் கட்டில்காரருக்கு உன் காணொளியைக் காட்டுகிறார். உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் உறுதி கேட்டார். "குட்டுவனுக்குச் சொல்லாத. புள்ள பேஜாராயிடுவான்." நான் உறுதி தரவில்லை.

நேற்று மருத்துவமனையிலிருந்து வந்து அறையைத் திறந்தேன். பூஞ்சணம் திரும்பிவிட்டது. அலுவலகப் படிக்கட்டில் மறுபடியும் போய் உட்கார்ந்தோம். வரும் வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் மறுபடியும் வருகிறார். இம்முறை அந்தச் சுவரை எவரும் தொடமாட்டார்கள். பவானி காவல் இருக்கிறாள். ஆனால் அவர் அலைபேசியில் உன் முகம் இருக்கிறதே, அதை யார் துடைப்பது?

ஆகவே கேட்கிறேன். வருத்தம் தெரிவிக்காதே, பணம் அனுப்பாதே, உதவியாளரிடம் சொல்லி ஆரஞ்சுப் பழம் அனுப்பாதே. வியாழன் இரவு தொடர்வண்டி ஏறு. வெள்ளி காலை இங்கே இரு. அதே அலைபேசியோடு அதே சுவரின் முன் நில். "உறவுகளே, இது துடைத்தால் போகாது, குழாயை மாற்ற வேண்டும்" என்று அந்தப் பொறியாளரின் முகத்துக்கு நேராகச் சொல். அதையும் ஊருக்குக் காட்டு.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்கு வா. அடுத்த வாரம் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வந்ததும் கூரையோரம் விட்டுப்போன இடத்தையும் துடைக்கப்போகிறாராம். மீதிக் காடி வீட்டில் கட்டிலின் கீழ் பத்திரமாக இருக்கிறதாம். நானும் சொல்லிவிட்டேன், மருத்துவரும் சொல்லிவிட்டார், பவானி சண்டையே போட்டுவிட்டாள். "என் புள்ள தப்பா சொல்லுவானா?" என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் அவர் தரும் விடை. உன் மருந்து இந்தச் சுவருக்கு ஆகாது என்று நீயே அவர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். வேறு எவர் சொன்னாலும் அவர் முக்காலியில் ஏறிவிடுவார்.

வா, குட்டுவா. நன்றாய் இரு, ஆனால் உடனே வா.

உன் அக்கா,
செங்கொடி