கேப்டனுக்கு முதல் பங்கு

1916 நவம்பர் 27
எதிரே ஆஸ்திரியர்கள், நடுவே பனி, இந்தப் பக்கம் பதுங்குகுழியில் நாங்கள். எங்கள் ஊர் இந்த மலைக்கு அடியில்தான், புகை தெரிகிறது. என் ஊர்க்காரன் எலிசெயோவுக்கு மறுபடியும் விடுப்பு இல்லையாம். "நான் போய் பன்னிய அறுக்கலன்னா ஒலிம்பியாவும் புள்ளைங்களும் குளிர்காலம் பூரா எதடா திம்பாங்க, தெல்ஃபீனோ?" என்று நச்சரிக்கிறான். என்னைக் கேட்டு என்ன பயன்?

நவம்பர் 30
விடுப்பில்லாமலே ஊருக்குப் போயே விட்டான். பெயர் கூப்பிட்டபோது அவனுக்கும் நானே குரல் கொடுத்தேன். வருவானா?

டிசம்பர் 2
வந்துவிட்டான். தோளில் மூட்டை, அதில் குடலில் அடைத்த பன்றிக்கறி. மிளகு வாசம் இன்னும் கையில் இருக்கிறது. இந்தப் போரில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதே நாள், மாலை
மடையன். மடையன். ஊரில் பன்றி அறுத்தால் முதல் பங்கு பாதிரியாருக்குப் போகும். இங்கே பெரியவர் கேப்டன்தானே என்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவர் தூரத்து நகரத்துக்காரர், அவருக்கு என்ன தெரியும்?
"ஏதுடா இது?"
"நேத்து நானே அறுத்ததுங்க ஐயா."
கட்டி இழுத்துப்போய்விட்டார்கள்.

டிசம்பர் 3
விசாரணை என்று ஒன்று நடந்தது. போர்முனையை விட்டு ஓடியவனாம், மரண தண்டனையாம். தானாகத் திரும்பி வந்தவன் எப்படி ஓடியவன் ஆவான்? கேட்டேன்.
"நீயும் அவன் பக்கத்துல உக்காரணுமா?" என்றார் கேப்டன்.
சுடப்போகிறவர்களில் நானும் ஒருவன்.

டிசம்பர் 4
இதை எழுதத்தான் வேண்டுமா?
ஓடியவனை முதுகில்தான் சுட வேண்டும் என்பது விதி. நாற்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். நாங்கள் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை; ஆனாலும் எல்லோரும் வேண்டுமென்றே குறி தள்ளித்தான் சுட்டோம். ஒரு குண்டு மட்டும் அவன் தொடையில் பட்டுவிட்டது — அவன் அலறல் — மறுபடியும் துப்பாக்கியில் குண்டு நிரப்பச் சொன்னார்கள்.
"தெல்ஃபீனோ, இருக்கியாடா?"
"இருக்கேன்டா."
"நீயாவது ஒழுங்கா சுடுடா. வலிக்குது."
ஒழுங்காகச் சுட்டேன்.

டிசம்பர் 8
தூக்கமில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

டிசம்பர் 11
கேப்டன் கூப்பிட்டார். தயங்காமல் சுட்டவன் நான் ஒருவன்தானாம். பாராட்டி விடுப்புக் கொடுத்திருக்கிறார், நாளைக்கே ஊருக்குப் போகலாம்.
ஒலிம்பியாவின் வாசலைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.