சகிமா ஸ்டேசன் கேக்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. ஈரத்தில் ஐசிங் காய மாட்டேன் என்கிறது. குசினியில் ஹீட்டர், ஃபேன் இரண்டும்.

சனிக்கிழமை ஷமிக்குக் கலியாணம். என் ஒரே மகள். மாப்பிள்ளை கென்ரா, ஜப்பான்காரன். கேக் என் கையால்தான். வேறு பேச்சில்லை. வடிவம், அவனுடைய ஊர் றெயில் ஸ்டேசன், சகிமா. கடலோரம் ஒரேயொரு மேடை, தகரக் கூரை, இருக்க ஒரு வாங்கு. உள்ளே ஃபோம், மேலே ஐசிங். எங்கள் வழக்கப்படி சாப்பிடுகிற கேக் தனியே, சின்னப் பெட்டிகளில். வெட்டுவதற்கென்று கடல் பக்கம் மட்டும் உண்மையான கேக்.

என் கணவரின் தங்கை றோசி வந்து பார்த்தாள். "கலியாணத்தில றெயில்வே ஸ்டேசனையோ வெட்டப் போகினம்? வடிவா ஒரு வெள்ளைக் கேக் ஓடர் பண்ணுங்கோ மச்சாள்." தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பினேன்.

ஷமியின் பயம் வேறு. கென்ராவின் தாய் மிசாகோ, மகன் மெல்பேர்னில் தங்கியதை இன்னும் மன்னிக்கவில்லை. வீடியோவில் தலை குனிவார், அவ்வளவுதான். ஷமியோடு ஒரு சொல் இல்லை. "அந்த ஸ்டேசன்லதான் அம்மா, அவன் அவவை விட்டிட்டு வந்தவன். ஷீ வில் ஹேட் இட்."

ஆனாலும் விட மனமில்லை.

மிச்சம்: தண்டவாளம், ஜப்பான் எழுத்தில் பெயர்ப்பலகை, கூரையில் துரு.

ஜூன் 5, வியாழன்

வெயில்! கூரை காய்ந்தது.

கென்ரா தாயை விமானநிலையத்திலிருந்து நேரே இங்கே கூட்டி வந்தான். கேக்கின் முன்னால் நின்றார். அசைவில்லை. ஷமி என் கையை நசுக்குகிறாள். மிசாகோ வாயைப் பொத்தினார். துலைஞ்சுது என்று நினைத்தேன்.

சிரிப்பு! குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. பலகையைக் காட்டுகிறார். கென்ரா விளக்கினான்: நான் எழுதியது சகிமா இல்லை, சிகிமா. ஜப்பான் மொழியில் 'ச', 'சி' இரண்டு எழுத்துக்கும் வயிறு எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம். நான் மறுபக்கம் போட்டிருக்கிறேன். நாலு தரம் சரிபார்த்த மடைச்சி.

மிசாகோ கோட்டைக் கழற்றினார். கையை நீட்டினார். ஐசிங் கோனைக் கொடுத்தேன். கத்தி நுனியால் சுரண்டி, அவரே எழுதினார். பிறகு வாங்கைக் கடல் பக்கம் தள்ளி வைத்தார். இரண்டு மணித்தியாலம், பாஷையே இல்லாமல் இரண்டு பேரும் வேலை. இப்படிச் சந்தோஷமாக வேலை செய்து எத்தனை காலம்.

ஷமியிடம் மட்டும் இன்னும் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 7, சனி

கலியாணம் முடிந்தது. கால் வீக்கம். புட்டு போதவில்லை, கேக் பெட்டி மிச்சம்.

சனம் மணப்பெண்ணை விட்டுவிட்டுக் கேக்கைத்தான் படமெடுத்தது. கலியாணம் கட்டிவைத்த சுவாமிகூட. றோசி எல்லாரிடமும்: "நானும் மச்சாளும் சேந்துதான் யோசிச்சனாங்கள்." சொல்லட்டும். இன்றைக்கு நான் ராணி, கோபமே வரவில்லை.

எங்கே வெட்டுவது என்று பிள்ளைகள் முழிக்க, மிசாகோ இரண்டு பேர் கையையும் பிடித்துக் கத்தியோடு கேக்கின் கடலில் வைத்தார். ஷமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

குளிர். காலையில் விமானநிலையம். மிசாகோ ஸ்டேசனைக் கொண்டு போகிறார், கடல் இல்லாமல். ஃபோம்தானே, கெடாது. நான் பெட்டி கட்டினேன், நாலு பக்கமும் பஞ்சு.

கவுண்டரில் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். கென்ரா வாய் திறக்கமுன் மிசாகோ, இங்கிலீஷில்: "மை ஸ்டேசன்."

பிறகு, ஒருவரும் கேட்காமலே, பின்னால் நின்ற ஷமியைக் கையில் பிடித்து இழுத்து முன்னால் விட்டார். "மை டோட்டர்."