இண்டி என்பது ஒரு மனநிலையாம்

டாலிகஞ்ச்,
போர்ட் பிளேர்.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் உம்மா, என் மாமியும் நல்ல சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு அல்லாஹ் துணை. மழை விட்டபாடில்லை; துணி எல்லாம் ஈரவாடை. மாமிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. டாக்டர் கொடுத்த மருந்தைவிடப் பக்கத்து வீட்டு ஷீலா எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான் அவர்களுக்குக் கேட்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை இடையில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

உங்கள் கம்பெனி அனுப்பிய படப்பிடிப்பு ஆட்கள் வந்துபோய்விட்டார்கள். 'இந்த ஆண்டின் சிறந்த சுதந்திர கேம் ஸ்டுடியோ', அதாவது பெரிய முதலாளி இல்லாமல் சொந்தமாகக் கேம் செய்கிற 'இண்டி' ஆட்களுக்கான விருதுக்கு, உங்கள் பெயர் போயிருப்பதும், விழாவில் போடத்தான் இந்தப் படம் என்பதும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெங்களூரில் இருநூறு பேர் வேலை செய்கிற இடம். சிங்கப்பூரில் ஒரு முதலாளி, அவருக்கு மேலே இன்னொரு முதலாளி. இதில் சுதந்திரம் எந்த மாடியில் இருக்கிறது மச்சான்? லிஃப்ட் அங்கே நிற்குமா?

கம்பெனி வாங்கிக்கொள்வதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் 'ஜெட்டி' கேமைச் செய்த மாடி அறையைக் காட்டினேன். டைல்ஸ் தரை, நல்ல ஃபேன், ஜன்னலில் மாமி தைத்த திரை. டைரக்டர் தேவேந்திரன் என்று ஒருவர், சென்னைக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மேடம், இது ரொம்ப நல்லா இருக்கே. இன்னும் கொஞ்சம் கஷ்டமா ஒரு இடம் இல்லையா?"

"கஷ்டம் வேலையிலதான் சார் இருந்துச்சு, தரையில இல்ல" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. அவர் கண் ஷீலாவின் கோழிக்கொட்டகை மேல் போய்விட்டது. துருப்பிடித்த தகரம் அவருக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. கோழிகளை விரட்டிவிட்டு அதற்குள் நம் மேசையைப் போட்டார்கள், கம்ப்யூட்டரை வைத்தார்கள், பக்கத்தில் ஒரு அரிக்கேன் விளக்கையும் ஏற்றிவைத்தார்கள். கேமராக்காரர் "பஹுத் படியா!" என்று கை தட்டினார்.

மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கம்ப்யூட்டர் ஓட கரண்டு இருக்கு, பல்பு எரிய மட்டும் இல்லையாக்கும்?" என்று கேட்டார்கள். விரட்டிய கோழிகளில் ஒன்று திரும்பி வந்து கீபோர்டில் உட்கார்ந்தது. அன்று அந்தக் கொட்டகையில் நடிக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு என் கையில் டீ டம்ளரைக் கொடுத்து, நடந்து வந்து மேசையில் வைக்கச் சொன்னார்கள். கேமில் வருகிற அத்தனை முகங்களையும் வரைந்தது நான் என்று சொன்னேன். "அது ஓகே மேடம், ஆனா நீங்க டீ கொண்டு வந்தா ஃபேமிலி ஃபீல் வரும்" என்றார் தேவேந்திரன். அந்த டீயை அவர் முன்னாலேயே குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் சாத்தம் ஜெட்டிக்கு, அந்தப் படகுத்துறைக்கே, கூட்டிப்போனார்கள். கேம் எப்படிப் பிறந்தது என்று சொல்லச் சொன்னார்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிர்க்கரை பம்பூஃப்ளாட்டிலிருந்து போட் வந்து நின்று, ஆட்கள் கூடையும் சைக்கிளுமாக இறங்கியதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

எங்கள் வாப்பா பம்பூஃப்ளாட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி இருக்கிற இந்தக் கரைக்கு வரும் போட்டில் நிற்க இடமில்லை. "ஜகா நஹி ஹை" என்று கயிற்றை அவிழ்க்கப் போனார் போட்காரர். நான் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினேன். ஒரு தெலுங்குக்காரர் மீன்கூடையோடு கரைக்கு இறங்கிக்கொண்டார். ஒரு வங்காளி அம்மா மடியில் இருந்த பேரனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இடம் விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் உண்டாயிற்று. வாப்பா அதற்குப் பிறகு நான்கு பெருநாள் பார்த்தார்கள். நம் கேமில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான்: ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும், யார் எதற்கு மசிவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், படகில் இடம் பிறக்க வேண்டும்.

சொல்லி முடித்தேன். தேவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூப்பர் மேடம், சூப்பர். கேமராவைப் பாத்து லாஸ்ட்டா ஒரு வார்த்தை."

கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "இப்ப அந்தக் கேம்ல ஒரு பட்டன் வச்சிருக்காங்க. நாப்பத்தொம்பது ரூபா கட்டி அமுக்கினா கூட்டம் மறைஞ்சுபோகும், நோயாளி ஏறிக்கலாம். எங்க வாப்பாவுக்கு இடம் விட்டவங்களைத்தான் அப்படி மறைய வச்சிருக்காங்க. வச்சது யாருன்னு கம்பெனியில கேளுங்க."

"கட்" என்றார். கண்ணீர் எப்படிக் காய்ந்ததோ தெரியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். "நீங்களும் அபர்டீன் பஜார்ல ஒரு பிரிண்டிங் கடையில சம்பளத்துக்குத்தானே மேடம் வேலை பாக்குறீங்க? நீங்க மட்டும் இண்டிபெண்டெண்ட்டா?"

இல்லை என்றேன். கடை முதலாளி பன்னீர்செல்வம் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் ரோஜாவைப் பெரிதாக்கச் சொன்னால் பெரிதாக்குகிறேன்; குத்துவிளக்கை இடப்பக்கம் வைக்கச் சொன்னால் வைக்கிறேன். ஆனால் அவர் அதை என் சுதந்திரம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. வீட்டுக்கு வந்து நான் வரைகிற படத்தில் ரோஜா வேண்டும் என்றும் அவர் கேட்பதில்லை.

உங்கள் பேட்டியை ஷீலாவின் போனில் பார்த்தேன். "இன்னைக்கு இண்டிங்கிறது யார் பணம் போடறாங்கங்கிறதுல இல்ல, அது ஒரு மனநிலை" என்கிறீர்கள். மனநிலையில் மாமிக்கும் பதினெட்டு வயதுதான். முட்டிதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. 'ஜெட்டி' என்ற பெயர் மெயின்லேண்டில் சிரிப்பாகிவிடும் என்று அவர்கள் 'மான்சூன் ஹார்பர்' என்று மாற்றியபோது உங்கள் மனநிலை என்ன செய்துகொண்டிருந்தது? மீன்காரர் முகம் அழகாக இல்லை என்று எடுத்துவிட்டு, கூலிங் கிளாஸ் போட்ட ஒருவரை நிறுத்தினார்களே, அப்போது?

பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் பார்க்கிறார்கள், கௌரவமாகப் பார்க்கிறார்கள். வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, கோழிக்கொட்டகையில் அரிக்கேன் விளக்கோடு பிறந்தவன் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இங்கே சொந்தமாகக் கேம் செய்கிற பிள்ளைகள் யாராவது அந்த விருதுக்கு விண்ணப்பம் போட்டிருப்பார்கள். அவர்களுடைய இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டத்தை மறைய வைப்பது கேமில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நான் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். மழையில் ஒரு தெருவே சேர்ந்து ஒரு வீட்டுக் கல்யாணத்தை நடத்தி முடிப்பது. ஷீலா சத்தங்களைப் பதிந்து தருகிறாள். கோடிங் எனக்குச் சரியாக வரவில்லை. பந்தலைக் கட்டினால் மணமகன் பந்தலுக்குள் மாட்டிக்கொண்டு அசையமாட்டேன் என்கிறார். மாமி அதைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தார்கள். இதை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

விழாவுக்கு நான் வரமாட்டேன். டிக்கெட் போட வேண்டாம். மேடையில் மனைவியைப் பற்றிச் சொல்ல ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்; அதையும் படிக்க வேண்டாம்.

மச்சான், அன்றைக்குப் போட்டில் வாப்பாவின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கி வந்தது நீங்கள்தான். ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் சட்டை முழுக்க நனைந்திருந்தது, மழையா வேர்வையா என்று தெரியவில்லை. அந்த ஆளைத்தான் நான் நிக்காஹ் செய்தேன். அவரிடம் சொல்லிவிடுங்கள், மாமி ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகத் துஆ கேட்கிறார்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். விழாவைப் பார்க்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பார்ப்பேன். ஒரே ஒரு வாக்கியமாவது யாரும் எழுதிக் கொடுக்காததாகச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல நாக்கைக் கொடுக்கட்டும்.

உங்கள்
சம்சாத்