ஒருத்தருக்கும் சொல்லாதை

அக்கா,

நேற்று உங்கள் கறுப்புக் கைப்பையைத் திறந்தேன். "அம்மான்ர பை, மாமா, நீங்களே வைச்சிருங்கோ" என்று சுபாதான் தந்தாள். கொக்கியைத் தள்ளியதும் ஓடிக்கொலோன் மணம் எழும்பி வந்து என் முகத்தில் ஓர் அறை விட்டது. போத்தல் காலி. மடித்த கைலேஞ்சித் துணி மட்டும் கிடந்தது. மூன்று உலகப் போர் வந்தாலும் பகிடி விட்டபடியே கடந்துவிடுவேன் என்று சொல்லித் திரிந்த நான், செவன் கிங்ஸில் இனி நீங்கள் படுக்காத உங்கள் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அந்தப் பையைப் பட்டென்று மூடினேன். அந்த மணத்துக்கு என்னைத் தெரியும், அக்கா. வால்தம்ஸ்டோ கல்யாணத்திலிருந்தே தெரியும்.

எண்பதுகளின் கடைசி. நான் அப்போது ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு ஹீத்ரோ விமானநிலையத்தில் சூட்கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். நான் ஒருநாள் லீவு போட்டால் பிரித்தானிய வானமே வெறிச்சோடிவிடும் என்பது என் அறிக்கை. என் பேச்சில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுத்தான் நீங்கள் கேட்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் எந்த நம்பிக்கையில் அந்த விஷயத்தை என்னிடம் சொன்னீர்களோ!

பள்ளிக்கூடம் முடித்தபோது சுபாவுக்கு மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் உயிர்வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அதை முடித்துக்கொண்டு மறுபடி அதே கதவுகளைத் தட்டப்போகிறாள் என்பதுதான் இரகசியம். கிழமை நாட்களில் ஆய்வுகூடம். சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிகளுக்குக் கஞ்சி தீத்துகிற வேலை. அந்த அனுபவமும் நேர்முகத்தில் கேட்பார்களாம்.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லாதை. போன முறை சனம் வந்து செத்தவீடு மாதிரித் துக்கம் விசாரிச்சது காணும். கிடைச்சாப் பிறகு சொல்லுவம்."

"ஓம் அக்கா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நேர்முகத்துக்குப் பழக்கியவன் நான்தான். உடுத்த சாரத்தோடு அத்தானின் டையையும் கட்டிக்கொண்டு உங்கள் குசினி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன்.

"நீர் ஏன் டொக்டராக விரும்புகிறீர், பிள்ளை?"

"மாமா, மேல பேராசிரியர், கீழ சாரம். நான் எப்படிச் சிரிக்காமல் மறுமொழி சொல்லுறது?"

இன்னொரு கேள்விக்கு அவள் "தெரியாது" என்றாள். நான் மேசையில் குத்தினேன். "ஐயோ, அந்தச் சொல்லை மட்டும் வாயில எடுக்காதை! துரைமார் எழும்பிப் போயிடுவினம்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பினீர்கள். "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லட்டும். உன்னைக் கேட்டா, செத்தவனையும் எழுப்பி நடக்க வைப்பன் எண்டுவாய்."

பிறகு அந்தக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன் "இரண்டு சொல்" வாழ்த்திப் பேசச் சொல்லி என் கையில் மைக்கைத் தந்தார்கள். என் கையில்! மணமக்களை வாழ்த்தினேன். தமிழை வாழ்த்தினேன். தேம்ஸ் நதியையும் விடவில்லை. பின்வரிசையில் பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கைதட்டலாகக் கேட்டது. அந்த வெறியில்தான் வாய் தவறியது. இல்லை, தவறவில்லை, பாய்ந்தது. "எங்கள் குடும்பத்தின் டொக்டர், நாளைக்கு மகாராணியே நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டப்போகிற டொக்டர், என் மருமகள் சுபா, இதோ!" முந்நூறு தலைகள் திரும்பின. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் மேலும் பேசினேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் கதிரையோடு சரிந்தார். யாரோ கத்தினார்கள்: "டொக்டர் இருக்கிறா! இப்பத்தானே சொன்னவர்! கூப்பிடுங்கோ!"

சுபா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த நடைபாதையில் வந்தாள். நீங்கள் ஓடிக்கொலோன் நனைத்த கைலேஞ்சியோடு பின்னால் வந்தீர்கள். பெரியவருக்கு நினைவு இருந்தது. வியர்வை ஆறாக ஓடியது.

"ஐயா எப்ப சாப்பிட்டவர்?" என்று சுபா அவர் மனைவியைக் கேட்டாள்.

"சீனி வருத்தம் பிள்ளை. காலமை குளிசை போட்டவர். இந்தா சாப்பாடு, இந்தா சாப்பாடு எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். இவர் பேசி முடிச்சால்தானே!"

அக்கா, அப்போதும் மைக் என் கையில்தான் இருந்தது.

சுபா அம்புலன்சுக்குப் போன் அடிக்கச் சொல்லிவிட்டு, அவரால் விழுங்க முடிகிறதா என்று பார்த்து, இனிப்புச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். பெரியவர் நிமிர்ந்து இருந்தார். மண்டபம் கைதட்டியது. "டொக்டர்! டொக்டர்!" அவள் என்னிடம் வந்து மைக்கை வாங்கினாள்.

"நான் டொக்டர் இல்லை. எனக்கு ஒரு இடமும் கிடைக்கேல்லை. இனிக் கிடைக்குமோ எண்டும் தெரியாது."

அவ்வளவுதான். முந்நூறு பேரும் சோற்றுக்குப் போனார்கள்.

திரும்பும்போது காரில் அவள் கேட்டாள்: "இனி எப்படி மாமா அப்ளை பண்ணுறது? இந்த முறையும் இல்லையெண்டா முழு லண்டனும் கேக்குமே." நீங்கள் கைலேஞ்சியைப் பைக்குள் வைத்தீர்கள். கொக்கி பட்டென்று மூடியது.

அதன்பிறகு அந்தப் பேச்சே உங்கள் வீட்டில் எழவில்லை. அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நான்தான் அவளை விட வைத்தேன் என்று நினைத்து, என் வாழ்நாளில் முதல்முறையாக வாயைக் குறைத்தேன். தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. ஒருநாள் இல்போர்டில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கும்போது கடைக்காரர் கேட்டார்: "என்ன அண்ணை, மருமகள் மெடிசின் இரண்டாம் வருசமாமே? நீங்கள் மூச்சே விடேல்லை!"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

லண்டனுக்கே சொன்னவன் நான். லண்டனிலேயே கடைசியாகக் கேட்டவனும் நான்.

நேரே உங்களிடம் வந்தேன். கதிரைக்குப் பக்கத்தில் வழக்கமான மரப்பெட்டி. பழைய கோப்பைகள் என்று நீங்கள் சொல்லியிருந்ததை நம்பி, அதன்மேல் காலை நீட்டி நான் எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன்! அன்று அதிலும் சந்தேகம் வந்தது. "இதைத் திறக்கட்டோ அக்கா?" என்றேன். "திற" என்றீர்கள். உள்ளே மனித எலும்புகள். அவள் படிப்புக்காக இரவல் வாங்கியவை. மண்டையோடு என்னைப் பார்த்து, என்னை விடவும் வாய் பிளந்து சிரித்தது.

"என்னில கோவமோ?"

"கோவமில்லை, தம்பி. பயம்."

கோபமென்றால் காலில் விழுந்திருப்பேன், கவிதை பாடியிருப்பேன். என் சொந்த அக்கா என் வாய்க்குப் பயந்து, தன் வீட்டுச் சந்தோசத்தை எனக்கு ஒளித்து வைத்திருந்தார். அதற்கு என்ன செய்வது? எலும்பை எடுத்த இடத்திலேயே வைத்து மூடினேன். நீங்கள் தேத்தண்ணி போட்டீர்கள். அதைக் காலை மடித்து இருந்து குடித்தேன்.

அந்தப் பயம் உங்களுக்கு எப்போது போனது, போனதா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் நேற்று, பையைத் தந்த கையோடு, நரை விழுந்த நம் டொக்டர் சுபா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். சொல்லிவிட்டு உங்கள் குரலிலேயே சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, மாமா."

அதைச் சுமந்துகொண்டு ஹவுன்ஸ்லோவில் என் வீடு வரை வந்தேன். நெஞ்சு ஹீத்ரோ ஓடுபாதை அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாதவர், அவருக்கும் சொல்லவில்லை. இந்த மடலை எழுதத் தொடங்கியதே உங்களுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாம் என்றுதான்.

இல்லை, அக்கா. உங்களுக்கும் எழுதமாட்டேன்.