எந்தச் சர்க்கரை, அத்தை?

அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டேன்.

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பா சற்று முன் புதுச் சர்க்கரை மூட்டையைப் பிரித்தார். அந்த வாசனை கல்லாப்பெட்டி வரை வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ருசி பாக்குறேன்டி, திங்கல" என்று என்னிடம் கண்ணை உருட்டியிருப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் கடையை அப்பா அரை மனதோடுதான் திறந்தார். அவருக்கு வயல்தான் எல்லாம். "குடவாசல்ல எல்லாரும் போன்லயே அரிசி வரைக்கும் வாங்குறாங்க. பொங்கல் முடியட்டும், செல்போன் ரிப்பேர்காரருக்கு வாடகைக்கு விட்டுடலாம்" என்றார். "நாமளும் போன்லயே விப்போம்ப்பா" என்று கெஞ்சினேன். "பொங்கல் வரைக்கும்தான்" என்றார். அன்றே கடை வாசலில் வாட்ஸ்அப் எண்ணை எழுதி ஒட்டினேன்.

நீங்கள் இருந்திருந்தால் துள்ளியிருப்பீர்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களை நீங்கள் திட்டியதே இல்லை. நம் தெருவிலேயே அதிகமாக ஆர்டர் போட்டது நீங்கள்தானே! "எதிரி எப்படிக் கட்டுறான்னு பாக்கணும்ல?" என்பீர்கள். பெட்டி வந்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவோம். "பருப்புப் பாக்கெட்டை எவ்வளவு அழகா ஒட்டியிருக்கான் பாரு. உங்கப்பன் கட்டுற பொட்டலம் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வாயைப் பொளந்துடும்." அப்பா காதில் விழும்படிதான் சொல்வீர்கள்.

இன்று மத்தியானம் முதல் ஆர்டர் வந்தது, அத்தை! வங்கிக்கு மாற்றலாகிச் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஓர் அக்கா. சர்க்கரை, மைதா, ஏலக்காய். நானே கட்டி, நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது.

"என்னம்மா இது, மண்ணு மாதிரி அனுப்பியிருக்கே? சர்க்கரைதானே கேட்டேன்?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. சர்க்கரைதானே கொடுத்தேன்? வெல்லத்தைப் போலப் பழுப்பாக இருப்பதுதானே சர்க்கரை? பிறகுதான் உறைத்தது. நாம் ஜீனி என்று சொல்லும் வெள்ளையை அவர்கள் ஊரில் சர்க்கரை என்கிறார்கள்.

அப்பா தலையில் கை வைத்தார். "முதல் ஆர்டரே இப்படியா? நாளைக்கே அந்த ரிப்பேர்காரரை வரச் சொல்லிடுறேன்."

உங்களிடமும் வெளியூர்க்காரர்கள் வாங்கியிருக்கிறார்களே, ஒருமுறைகூட இப்படி ஆனதில்லையே என்று யோசித்தேன். சட்டென்று பிடிபட்டது. நீங்கள் யாருக்கும் கேட்காமல் எடை போட்டதே இல்லை. "என்ன சமையல்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. ஒருவர் புளி கேட்டால், "வீட்டுக்கு யாரு வந்துருக்கா?" என்பீர்கள். "மச்சான்" என்பார். "அப்ப மீன் குழம்புதான். பூண்டையும் எடுத்துட்டுப் போங்க, உங்க வீட்ல உரிக்க ஆள் வந்தாச்சே!" அப்பா அதை ஊர் வம்பு என்பார். வம்புதான், அத்தை. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேனே! ஆனால் அந்த வம்பில் சர்க்கரையும் ஜீனியும் தானாகவே பிரிந்துவிடும்.

ஜீனியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கதவைத் திறந்த அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை.

"அக்கா, எங்க ஊர்ல அது சர்க்கரை. இது ஜீனி."

"ஜீனியா? எங்க பூனை பேரு ஜீனி!"

பெயரைக் கேட்டு உள்ளேயிருந்து பூனையே வந்துவிட்டது. இருவரும் சிரித்துவிட்டோம். அந்தத் தைரியத்தில் கேட்டேவிட்டேன். "என்னக்கா செய்யப் போறீங்க?"

"பையனுக்குப் பொறந்தநாள் கேக். ஆமா, இந்த மண்ணுல என்ன செய்வீங்க?"

"மண்ணுன்னு சொல்லாதீங்கக்கா! தேங்காய் துருவிப் போட்டுக் கொழுக்கட்டை பிடிச்சா, கேக்கை யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க."

அக்கா இரண்டையுமே வைத்துக்கொண்டார். "எங்க காலனில முக்கால்வாசி வெளியூர்தான். எதை எப்படிக் கேக்கணும்னே தெரியாம போன்ல எதையோ அமுக்கிட்டிருக்கோம். உன்னை எங்க குரூப்புல சேக்கிறேன், இரு" என்றார்.

சாயங்காலத்திலிருந்து போன் ஓயவில்லை! அப்பாதான் பொட்டலம் கட்டுகிறார். எதுவும் வாயைப் பிளக்கவில்லை, நம்புங்கள். நடுவில் அவருக்கும் ஓர் அழைப்பு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"இல்லைங்க, வேற இடம் பாத்துக்குங்க. கடை ஓடிக்கிட்டிருக்கு."

அத்தை, எனக்கு உங்கள் தராசுக் கை வரவில்லை. விலையும் மனதில் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் கீழே நான் எழுதி அனுப்புவது உங்கள் வாய்தான்: "என்ன சமையல்?" வங்கி அக்காவின் பதில் இப்போதுதான் வந்தது: "நாளைக்கு மாமியார் வர்றாங்க. நீயே சொல்லேன்!"

சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அப்பா கடை விளக்கை அணைத்துவிட்டார்.