ஒத்திகையில் அவர் சொன்னது

அக்கா,

கவுன் தைத்து வந்துவிட்டது. இடுப்பு கச்சிதம்.

இன்று சர்ச்சில் எங்கள் திருமண வாக்குறுதிக்கு முதல் ஒத்திகை. பாதிரியார் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு "இன்பத்திலும் துன்பத்திலும்" என்ற இடத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவரோ, முதல் வரியை எடுத்துக்கொடுத்ததுமே மோதிரம் போடுகிற இடம் வரைக்கும் மடமடவென்று ஒப்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை எப்ப மனப்பாடம் பண்ணீங்க?" என்று பாதிரியார் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் கையைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாத. முதல் தடவை எனக்கும் இப்படித்தான் குழறுச்சு" என்றார்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. பாதிரியாரின் சிரிப்பும்.

அப்பா வெளியே வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

கல்யாணத்தன்று வருகிறேன் என்றாயே, அதுவரை காத்திருக்காதே. நாளைக்கே கிளம்பி வா.

கவுனை இன்னும் கழற்றாத
உன் தங்கை