மாப்பிள்ளைக்காக இளைத்த சுவர்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இங்கே அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம், தலைமுதல் கால்வரை வெள்ளைப் பொடி அப்பியிருப்பதைத் தவிர ஒரு குறையுமில்லை. என்ன பொடி என்றுதானே கேட்கிறாய், அதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது, போனில் சொன்னால் நீ பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வருகிறீர்கள், ஆனால் விடுதியில்தான் தங்குவோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் சக்கர நாற்காலி நம் நடைவழியில் நுழையாது, நுழையாவிட்டால் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். "யாராவது தூக்கித்தான் போகணும்னா நான் வரல அத்தை" என்று அவரே என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது. நீ அனுப்பிய நாற்காலி அளவை வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம்தான் குறைகிறது. ஒரு விரலுக்காக என் மாப்பிள்ளை வெளியே தங்குவதா? சுவரையே இடித்துவிடலாம் என்றேன். அப்பா பதறிப்போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இது உள்ளே நுரைபோலக் காற்று நிறைந்த ஏ.ஏ.சி. கல், நல்ல தடிமனாகக் கட்டிய வெறும் தடுப்புச் சுவர், மேலே பாரம் இல்லை, கரண்ட் வயரும் ஓடவில்லை, இடிக்காமல் கொஞ்சம் செதுக்கினாலே போதும், அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

அடுத்த வாரம்வரை பொறுக்க நான் என்ன உன் அப்பாவா? சுத்தியலையும் உளியையும் எடுத்து ஒரு போடு போட்டேன், விரலளவு நினைத்து அடித்தால் தட்டளவு பெயர்ந்து விழுந்தது. அப்பா பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கையோடு என்னை ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் சுவரை உடைக்கிற பெரிய மெஷினை நீட்டினார், அதன் அதிர்வு இந்தக் கல்லுக்கு ஆகாது, மறுபக்கமும் விரிசல் விடும் என்று அப்பா மறுத்துவிட்டார். மரம் சீவும் இழைப்புளி போதாதா என்றேன் நான், இரண்டு இழுப்பில் அலகு மழுங்கிவிடுமாம். கடைசியில் கல்லறுக்கும் தகடு போட்ட கிரைண்டரை வாடகைக்கு எடுத்தோம், வைத்த ஆழத்துக்குமேல் தகடு போகாதபடி ஒரு தடுப்பும், பொடியை உறிஞ்ச ஒரு குழாயும் அதில் உண்டு. அப்பா வரிசையாகக் கீறல் போட, இடையில் நிற்கும் கல்லை அகல உளியால் நெம்பினால் சோப்புத் துண்டு மாதிரி கழன்று வருகிறதடி, எனக்கு நிறுத்தவே மனசில்லை. மிச்ச மேடுபள்ளத்தை முரட்டு அரத்தால் தேய்ப்பது என் பொறுப்பு. உறிஞ்சும் குழாய் கிரைண்டருக்குத்தான், அரத்துக்கு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு போட்டிருந்தோம், பயப்படாதே.

செதுக்கி முடித்ததும், அடுத்த தெரு மருந்துக்கடையில் மாப்பிள்ளையுடையதன் அதே அகலத்தில் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி அப்பா ஜம்மென்று உட்கார்ந்து உருட்டினார், நடைவழிக்குள் இரண்டடி போனதும் ஐயோ என்றார். நாற்காலி நுழைந்துவிட்டது, சக்கரத்தைத் தள்ளுகிற கை நுழையவில்லை. இரண்டு கை விரல் முட்டியிலும் தோல் உரிந்துவிட்டது. நாற்காலியை அளந்த நாங்கள் அதை ஓட்டுகிறவரை அளக்க மறந்துவிட்டோம். பரவாயில்லை, நான் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறேன் என்றேன். "தள்ளுறதுக்கு நீ யாரு? அவர் கையால அவர் போகணும், அதுக்குத்தானே இவ்வளவு பாடு" என்றார் அப்பா. நான் மறுபடி அரத்தைக் கையில் எடுத்தேன். கொத்தனாரைக் கேட்டுக்கொண்டு, மேல்பூச்சுக்கும் இடம் விட்டு, இன்னும் மூன்று விரல் எடுத்தோம். இன்று காலை அப்பா கூடத்திலிருந்து தானே உருட்டிக்கொண்டு, கை எங்கும் இடிக்காமல், நடைவழி தாண்டிக் குளியலறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். நான் வெளியே நின்று கைதட்டினேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது.

இரண்டு பேரும் நீடூழி நன்றாக இருங்கள். விடுதியை ரத்து செய்ய மறந்துவிடாதே. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், அவரைத் தூக்க இங்கே யாருமில்லை, தள்ளவும் யாருமில்லை. மாமனாரோடு ஒத்துப்போகவில்லையென்றால், எல்லா மாப்பிள்ளைகளையும் போல முறுக்கிக்கொண்டு தன் அறைக்குத் தானே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொள்ளலாம்.

ஆசிகளுடன்,
பொடி தட்டக்கூட நேரமில்லாத உன் அம்மா